மேளத்தைக் கீழே வைத்தவன்: சென்னையின் பங்க் இசை பற்றி

போன மாதம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், என் லேப்டாப் மேல் ஒட்டியிருந்த ‘த கிளாஷ்’ ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுக் கேட்டான். “ப்ரோ, நம்ம சென்னைல பங்க் சீன்னு ஒண்ணு இருந்துச்சா? யாரு ஆரம்பிச்சாங்க?”

நான் யோசிக்கவே இல்லை. கல்லூரி கல்சுரல்ஸ், ஐஐடி சாரங், அடையாறு அன்வைண்ட் சென்டர், கறுப்பு டிசர்ட், இங்கிலீஷில் பாடிய நாலைந்து பேண்டுகள் என்று கடகடவென்று ஒப்பித்தேன். பையன் தலையாட்டிக்கொண்டு போனான். வெள்ளிக்கிழமை ராத்திரி திருவண்ணாமலை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. நான் சொன்னது அத்தனையும் தப்பு. பெயர்கள் சரி, பதில் தப்பு. இந்தக் கட்டுரையை அந்தப் பதிலுக்கு நான் போடும் திருத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

*

என் ஊர் அடி அண்ணாமலை. கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர். அதில் மலைக்குப் பின்பக்கம், நடப்பவர்களுக்குக் கால் வலிக்க ஆரம்பிக்கும் இடத்தில் எங்கள் ஊர் வரும். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இங்கேதான் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அதனால் மார்கழி என்றால் எங்களுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. விடிகாலை நாலரைக்கு ஸ்பீக்கர் போட்டுவிடுவார்கள். பௌர்ணமிக்குச் சிவனடியார்களின் கயிலாய வாத்தியம் காதைக் கிழிக்கும். ரமணாசிரமம் பக்கம் போனால் கிதாரோடு வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து பஜன் பாடிக்கொண்டிருப்பார்கள். கிதார் என்ற பொருளை நான் முதன்முதலில் நேரில் பார்த்தது அங்கேதான். ஆக, சத்தத்துக்குக் குறையில்லாத ஊர். ஆனால் எந்தச் சத்தம் இசை, எந்தச் சத்தம் வெறும் சத்தம் என்பதை யாரும் சொல்லித்தராமலே நான் கற்றுக்கொண்டிருந்தேன்.

பங்க் எனக்கு வந்தது பொறியியல் கல்லூரி ஹாஸ்டலில், சீனியர் ஒருவரின் ஹார்ட் டிஸ்க்கில். அதில் கிரீன் டேயின் ‘அமெரிக்கன் இடியட்’ இருந்தது. 2004இல் வந்த ஆல்பம், எங்களுக்கு நாலைந்து வருஷம் தாமதமாக வந்து சேர்ந்தது. அங்கிருந்து பின்னோக்கிப் போய் கிளாஷ், செக்ஸ் பிஸ்டல்ஸ், ரமோன்ஸ். பாதி வரிகள் புரியவில்லை. புரிந்தவரைக்கும் ஒரே விஷயம்தான் காதில் விழுந்தது: முடியாது, மாட்டேன், போடா. இன்டர்னல் மார்க்குக்காக லேப் அசிஸ்டன்ட் பின்னால் அலைந்துகொண்டிருந்தவனுக்கு அதைவிடப் பெரிய விடுதலை என்ன இருக்க முடியும்?

பங்க்கின் தோற்றக் கதையை ஒப்பிப்பது ஹாஸ்டலில் ஒரு கௌரவம். நியூயார்க்கில் சிபிஜிபி என்ற பாரில் ரமோன்ஸ் வாசித்தது. லண்டன் கிங்ஸ் ரோட்டில் துணிக்கடை வைத்திருந்த மால்கம் மெக்லாரன், கடையைச் சுற்றித் திரிந்த பையன்களைச் சேர்த்து செக்ஸ் பிஸ்டல்ஸை உருவாக்கியது. 1976 ஜூன் 4 அன்று அவர்கள் மான்செஸ்டரில் ஒரு சின்ன அரங்கில் வாசித்தபோது வந்திருந்தவர்கள் சில டஜன் பேர்தான், ஆனால் அந்தச் சிலரில் பலர் பிறகு தாங்களே பேண்ட் தொடங்கியது. மார்க் பெர்ரி என்ற வங்கிக் குமாஸ்தா அதே வருஷம் ‘ஸ்னிஃபிங் க்ளூ’ என்று ஒரு பத்திரிகையைத் தானே டைப் அடித்து, நகலெடுத்து, பின் அடித்து விற்றது.

இந்தக் கதையில் நான் ரொம்ப நாள் கவனிக்காத ஒரு துண்டு உண்டு. லண்டனில் ராக்ஸி என்ற கிளப் பங்க்குக்காகத் திறந்தபோது, பேண்டுகள் வாசிக்கும் இடைவெளியில் போடுவதற்குப் பங்க் இசைத்தட்டுகளே போதுமான அளவு இல்லை. டிஜே டான் லெட்ஸ் ஜமைக்கக் குடியேறிகளின் பிள்ளை. அவர் தன் வீட்டுப் பாட்டை, ரெக்கேவைப் போட்டார். கிளாஷ் 1977இல் தங்கள் முதல் ஆல்பத்திலேயே ஒரு ரெக்கே பாட்டைத் தங்கள் பாணியில் வாசித்தார்கள். அதாவது பங்க் தொடங்கிய இடத்தில், பங்க்குக்கு முன்பிருந்தே ஒடுக்கப்பட்ட வேறு யாரோ ஒருவரின் தாளம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நகரத்தின் பங்க் எங்கே பிறந்தது என்று கேட்டால், மேடையில் கிதாரோடு நின்றவனை மட்டும் பார்க்கக் கூடாது. அந்த நகரத்தில் மேடையே கிடைக்காதவன் எதை அடித்துக்கொண்டிருந்தான் என்றும் பார்க்க வேண்டும்.

*

சென்னைக்கு வருவோம்.

பங்க்கின் பெரிய வாக்குறுதி, யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்பது. மூன்று கார்டு தெரிந்தால் போதும், நாளைக்கே பேண்ட். ஆனால் அந்த வாக்குறுதிக்குள் ஒரு விலைப்பட்டியல் ஒளிந்திருக்கிறது. எலக்ட்ரிக் கிதார், ஆம்ப், டிரம்ஸ், சத்தம் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வராத ஓர் அறை. லண்டனில் வேலையில்லாத பையன் ஒருவன் எப்படியோ இவற்றைத் தேற்றிவிட முடிந்தது. சென்னையில் இவற்றைத் தேற்ற முடிந்தவனுக்குக் கோபப்பட அவ்வளவாகக் காரணம் இருக்கவில்லை. நான் கேட்ட காலேஜ் பேண்டுகள் பெரும்பாலும் நன்றாக வாசித்தன, என்னைவிட ஆயிரம் மடங்கு நன்றாக. கிதாரில் டிஸ்டார்ஷன் இருந்தது, பாட்டில் ஆபத்து இல்லை. யாரை எதிர்த்துப் பாடுகிறார்கள் என்று கேட்டால் பதில் வராது. அவர்களைக் குறை சொல்லவில்லை. கீழே நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்த எனக்கும் அந்தக் கேள்வி வரவில்லை.

பிறகு சில விரிசல்கள் விழுந்தன. கபேர் வாசுகியும் டென்மாவும் இருந்த ‘குரங்கன்’ தமிழில் ராக் பாடியது. 2015இல் சோஃபியா அஷ்ரஃப் கொடைக்கானல் பாதரசக் கழிவைப் பற்றி ஒரு ராப் வீடியோவில் பன்னாட்டு நிறுவனத்தின் பெயரைச் சொல்லியே கேட்டார். அடுத்த வருஷம் அந்த நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. தொழிலாளர்கள் பதினைந்து வருஷமாக நடத்திய போராட்டம் அது. பாட்டு கடைசிக் கட்டத்தில் சேர்ந்துகொண்டது, ஆனால் சரியான நேரத்தில் சேர்ந்துகொண்டது. 2017இல் கபேர் வாசுகி எழுதிய ‘புறம்போக்கு’ பாட்டை டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடினார். இவை எல்லாமே முக்கியமானவை. ஆனாலும் இவற்றில் மைக் பிடித்தவர்கள், மைக் ஏற்கெனவே கைக்கு எட்டக்கூடியவர்கள்.

இதே நகரத்தில், எலக்ட்ரிக் கிதார் வருவதற்கு வெகு முன்பே, காசில்லாமல் இசை செய்யும் ஏற்பாடு ஒன்று இருந்தது. கானா. வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம், காசிமேடு. தீப்பெட்டி, பானை, டேபிள், கைத்தட்டல், கிடைத்தால் ஒரு டோலக். சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாட வேண்டும். செத்தவரின் பெயர், தெரு, பிள்ளைகள், கூட்டாளிகள், அவர் குடித்தது, அடித்தது, அழுதது எல்லாம் அங்கேயே உட்கார்ந்து பாட்டாக வேண்டும். பிணத்தை வைத்துக்கொண்டு கிண்டல் அடிக்கலாம், சிரிக்கும்போதே அழ வைக்கலாம். பயிற்சி அறை தெரு, மேடை பாடைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. சினிமா இதை நெடுநாளாக எடுத்துக்கொண்டே வந்திருக்கிறது. தேவா காலத்திலிருந்து, 2012இல் ‘அட்டகத்தி’யில் கானா பாலா பாடியது வரைக்கும். ஆனால் சினிமாவில் கானா என்றால் குஷி. அந்தக் குஷிக்கு அடியில் ஒரு பிணம் கிடப்பது திரையில் தெரிவதில்லை.

*

2018 ஜனவரி 6, சனிக்கிழமை. கீழ்ப்பாக்கம் சிஎஸ்ஐ பெயின் ஸ்கூல் மைதானம். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய ‘த கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறிய முதல் நாள். பத்தொன்பது பேர், சாம்பல் நிற கோட்டு சூட்டு. கோட்டு சூட்டு ஏன் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஊருக்கு ஊர் நிற்கும் அம்பேத்கர் சிலை போதும். சட்டி, பறை, டோலக் ஒரு பக்கம், கிதார், பேஸ், டிரம்ஸ் இன்னொரு பக்கம். கானா பாடுகிறவர்களும் ராப் செய்கிறவர்களும் ஒரே வரிசையில். பத்தொன்பது பேரில் ஒரே பெண் இசைவாணி. 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது.

குழுவின் பெயர் அயோத்திதாசரின் சிந்தனையிலிருந்து எடுத்தது. 1907இல் ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கியவர் அவர். பத்திரிகையின் பெயரிலேயே விலை. அடுத்த வருஷம் அது ‘தமிழன்’ ஆனது. லண்டனில் ஒரு குமாஸ்தா பத்திரிகையை பின் அடித்து விற்றதைப் புரட்சி என்று ஹாஸ்டலில் கொண்டாடிய எனக்கு, அதற்கு அறுபத்தொன்பது வருஷம் முன்னால் என் மாநிலத் தலைநகரில் ஒரு சித்த வைத்தியர் ஒரு பைசாவுக்கு என்ன செய்தார் என்று தெரிந்திருக்கவில்லை. எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் அவரைப் படித்ததில்லை.

இன்னொன்று. அன்று மார்கழி 22. மயிலாப்பூர், தி.நகர் சபாக்களில் சீசன் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் திருவெம்பாவை ஓடிக்கொண்டிருந்தது. அதே மார்கழியில் ஒரு பள்ளி மைதானத்தில் இட ஒதுக்கீட்டைப் பற்றி, மாட்டுக்கறியைப் பற்றி, மலக்குழிச் சாவுகளைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தார்கள். பின்னர் 2020 டிசம்பரில் நீலம் ‘மார்கழியில் மக்களிசை’ என்றே நிகழ்ச்சி நடத்தத் தொடங்கியது.

இசையாக அன்று எல்லாமே சரியாக இருந்தது என்று சொல்லமாட்டேன். சில பாட்டுகளில் கிதார் வெறும் சட்டகமாக நின்றுவிட்டது. தாளம் ஓடும்போது பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. சில பாட்டுகள் கோஷமாக ஆரம்பித்துக் கோஷமாகவே முடிந்தன. கோஷத்துக்கு எல்லோரும் கை தூக்குவார்கள், யாருக்கும் வலிக்காது. ஆனால் கானாவின் நக்கல் முழுசாக இறங்கிய இடங்களில் கதையே வேறு. கோட்டா பாட்டு அப்படி ஓர் இடம். கேண்டீனில் நாம் சாதாரணமாக உதிர்க்கும் ‘மெரிட்’ பேச்சை எடுத்து, சாவு வீட்டுக் கிண்டல் மாதிரி நம் முகத்துக்கு நேரே திருப்பினார்கள். எனக்குப் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரெண்டு நொடி கழித்துத்தான் சிரிப்பு நின்றது. அந்தக் கேண்டீனில் பேசியவர்களில் நானும் உண்டு.

ஒரு இயக்குநர் ஆடிஷன் வைத்துப் பொறுக்கி எடுத்த குழு எப்படிப் பங்க் ஆகும் என்று ஒரு நண்பர் கேட்டார். மெக்லாரனின் துணிக்கடையை ஞாபகப்படுத்தினேன். குழுவைச் சேர்த்தது யார் என்பதைவிட, சேர்ந்தபின் அவர்கள் யாரை நிம்மதியாகத் தூங்க விடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஆனால் என் பதில் இங்கேயே முடிந்திருந்தால், சென்னை பங்க்கின் பிறந்த நாள் 2018 ஜனவரி 6 என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். என் நண்பன் ஒருவன் அதைக் கெடுத்துவிட்டான்.

*

அவன் பெயரை எழுதப் போவதில்லை. செங்கம் பக்கம் என் அம்மாவின் ஊர். அந்த ஊர்க் காலனியிலிருந்து திருவண்ணாமலைக்கு பஸ்ஸில் வந்து என்னோடு படித்தவன். அவனுடைய அப்பா மேளம் அடிப்பவர். ஊரில் யார் செத்தாலும் சொல்லி அனுப்புவார்கள், அவர் வருவார். சொல்லி அனுப்புவது என்றால் கேட்பது இல்லை.

2006இல் என் தாத்தா இறந்தார். அவன் அப்பாவுக்கு அன்று காய்ச்சல். “பையனை அனுப்பு” என்றார்கள். பதினாறு வயசுப் பையன், பிளஸ் ஒன். வந்தான். மேளத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, எங்கள் வீட்டு வாசலுக்குக் கொஞ்ச தூரத்தில் வேப்பமரத்தடியில் அதைக் கீழே வைத்தான். “நான் அடிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். கத்தவில்லை. யாரையும் திட்டவில்லை.

நான் பின்னாலேயே ஓடினேன். நண்பன் அல்லவா? ஓடிப்போய் என்ன சொன்னேன் தெரியுமா? “ஒரு நாள்தானேடா. எங்க தாத்தாவுக்காக அடிச்சா என்ன?”

அவன் என்னைப் பார்த்தான். பதில் சொல்லவில்லை.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். அபராதம் கட்டச் சொன்னார்கள். என் மாமாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். கொஞ்ச நாள் அவன் வீட்டாரை யாரும் நிலத்து வேலைக்குக் கூப்பிடவில்லை. அவன் பிளஸ் டூ முடித்ததும் ஒரகடம் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். நான் ஹாஸ்டலுக்குப் போனேன். போய், ‘மாட்டேன்’ என்று இங்கிலீஷில் பாடியவர்களைக் கேட்டு மெய்சிலிர்த்தேன்.

அவன் செய்தது தனி ஒருவனின் வீம்பு இல்லை என்பதும் எனக்கு ரொம்பப் பிறகுதான் தெரிந்தது. தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் இதையே இயக்கமாகச் சொன்னவர்: சாவுக்குப் பறை அடிக்காதே, செத்த மாட்டைத் தூக்காதே. தீண்டாமை பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கி 1969இல் அறிக்கை கொடுத்தவரும் அவர்தான். இன்னொரு பக்கம், பறையைக் கீழே வைப்பதற்குப் பதிலாக நிமிர்ந்து நின்று கையில் எடுத்தவர்களின் வரலாறும் இருக்கிறது. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள், சென்னையில் புத்தர் கலைக்குழு என்று. அவர்கள் கையில் அது அடிமை வேலையின் அடையாளம் என்ற நிலையிலிருந்து கலையாகத் திரும்பி வந்தது.

இரண்டும் எதிரெதிர் போலத் தெரியும். விமர்சகர்கள் இதில் ஏதாவது ஒரு பக்கம் சாய்வார்கள்: பறையை விடுவதா, மீட்பதா? கீழ்ப்பாக்கத்துக்கு மறுநாள் நான் ஒரு பாட்டின் வீடியோவை அவனுக்கு அனுப்பினேன். ராத்திரி போன் செய்தான்.

“நல்லா இருக்குடா. செமையா இருக்கு.”

“உனக்குக் கோபம் வரலையா? நீ வேணாம்னு வச்சத அவங்க தூக்கி அடிக்கிறாங்களே?”

“அவங்களுக்கு அடிக்கணும்னு தோணுச்சு, அடிக்கிறாங்க. எனக்கு அடிக்க வேணாம்னு தோணுச்சு, அடிக்கல. எங்கப்பாவைத்தான் யாரும் கேக்கவே இல்ல.”

பங்க் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. மேளத்தைக் கீழே வைத்த கையும் மேடையில் அதை எடுத்த கையும் ஒரே காரியத்தைத்தான் செய்தன. என் கை என்ன செய்ய வேண்டும் என்று நீ முடிவு பண்ணாதே, அவ்வளவுதான். ‘பங்க்’ என்ற சொல்லே முதலில் வசவுதான். வசவை எடுத்து நெஞ்சில் குத்திக்கொண்டார்கள். ஆனால் குத்திக்கொள்வதா கழற்றி எறிவதா என்று முடிவெடுக்கும் உரிமை வசவு வாங்கியவனுக்கே உண்டு. வேடிக்கை பார்த்தவனுக்கு இல்லை. கானாவை ‘இதுதான் ஒரிஜினல் பங்க்’ என்று நான் பட்டம் கட்டுவதிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. லண்டன் முத்திரை குத்திய பிறகுதான் வியாசர்பாடி என் காதில் விழுமா? முத்திரை என் செவிட்டுத்தனத்துக்குத் தேவைப்பட்டது, கானாவுக்குத் தேவைப்படவில்லை.

மேடை கிடைத்துவிட்டால் இந்தச் சண்டை முடிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். கேஸ்ட்லெஸ் கலெக்டிவில் பாடிய தெருக்குரல் அறிவு, 2021இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ எழுதி, தீயோடு சேர்ந்து பாடினார். உலகமே ஆடியது. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். எதிர்ப்பு கிளம்பியபிறகு அறிவுக்கு டிஜிட்டல் அட்டை வந்தது. நிலமற்றுப் போன தன் மூதாதையரைப் பற்றி எழுதியவருக்கு அட்டையில் ஓர் இடம் வாங்கச் சண்டை போட வேண்டியிருந்தது. வாசலுக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் அந்த வேப்பமரத்தடி எங்கெல்லாமோ இருக்கிறது.

*

ஆகவே அந்தப் பையனிடம் என் பதிலைத் திருத்திச் சொன்னேன். சென்னைக்குப் பங்க் ஒரு தேதியில் வந்து இறங்கவில்லை. சாவு வீட்டு பெஞ்சில் ரொம்ப காலமாக இருந்தது. 2018இல் பத்தொன்பது பேர் அதைக் கோட்டு சூட்டு போட்டு நம் முகத்துக்கு நேரே திருப்பி வைத்தார்கள். அதற்கும் முன்னால், செங்கம் பக்கம், பாட்டே இல்லாமல் ஒரு நொடி நடந்தது. நான் பார்த்த முதல் பங்க் நிகழ்ச்சி அது. அதில் நான் ரசிகனாக இல்லை, எதிர்த்தரப்பில் இருந்தேன்.

“அந்த ஃப்ரெண்டு இப்ப உங்ககூடப் பேசறாரா ப்ரோ?” என்றான்.

பேசுகிறான். 2006 பற்றி நான் மன்னிப்புக் கேட்டபோது “விடுடா” என்றான். விட்டானா என்று தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவனுடைய மகளுக்கு ஒன்பது வயசு. வாராவாரம் பறை வகுப்புக்குப் போகிறாளாம். “ஃபீஸ் கட்டி அனுப்பறேன்டா” என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். அவளேதான் கேட்டாளாம். ஊரிலிருந்து தாத்தா வந்திருந்தபோது அவருக்கு முன்னால் வாசித்துக் காட்டினாளாம்.

“அப்பா என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லல. ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம், தோலை நெருப்புல இன்னும் கொஞ்சம் காய்ச்சணும், அப்பத்தான் சத்தம் நிக்கும்னாரு.”